தண்ணீர் பாட்டில் ஏன் அப்படியே திரும்பி வருகிறது?

கேள்வி:

வணக்கம் டீச்சர். எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம். நான் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் குட்டியானை ஓட்டுகிறார். நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டிலிருந்து மதுரைக்கு லோடு அடிப்பார். எங்களுக்கு ஒரே பையன், 4 வயது முடிந்து 3 மாதம் ஆகிறது. ஜூனில் ஒரு இங்கிலீஷ் மீடியம் நர்சரியில் எல்கேஜி சேர்த்தோம். முதல் மாதம் அழாமல்தான் போனான். இப்போது யூனிஃபார்மைக் கையில் எடுத்தாலே வயிறு வலிக்கிறது என்கிறான்.

டைரியில் வாரத்துக்கு ரெண்டு தடவை சிவப்பு மையில் எழுதி வருகிறது. எழுதுவதில்லை, நம்பர் தெரியவில்லை, வகுப்பில் வாயே திறப்பதில்லை, வீட்டில் பயிற்சி கொடுக்கவும் என்று. கடை முடிந்து நான் வீடு வந்து சேர ராத்திரி எட்டரை ஆகிவிடும். அதற்கப்புறம் உட்கார வைத்து ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லான்டிங் லைன் எழுத வைத்தால் ஒரு பக்கம் முடிய பத்து மணி ஆகிறது. ஆத்திரத்தில் ரெண்டு மூன்று தடவை அடித்தும்விட்டேன். அப்புறம் நானே அழுதேன்.

இத்தனைக்கும் அவன் மக்கு இல்லை டீச்சர். அப்பாவோடு வண்டியில் உட்கார்ந்து போனால் எதிரே வருகிற வண்டி நம்பரையெல்லாம் படிப்பான். கொடுத்துவிடுகிற சாப்பாடு பாதி மிஞ்சுகிறது, தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. கேட்கலாம் என்று போனால் கேட்டைத் தாண்டி விடுவதில்லை. வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும்தான் போட முடியும். பேரன்ட்ஸ் மீட்டிங்கில் ஆளுக்கு 5 நிமிடம். ‘வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள்’ என்றார்கள். எனக்கும் என் மாமியாருக்கும் இங்கிலீஷ் எங்கே வரும்? டியூஷன் போடலாமா, பள்ளியையே மாற்றிவிடலாமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டியூஷனா, பள்ளி மாற்றமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உறுத்தியதோ நடுவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரி. தண்ணி பாட்டில் அப்படியே திரும்பி வருகிறது. எழுத்தும் நம்பரும் கொஞ்சம் காத்திருக்கட்டும், பாட்டிலை முதலில் பார்ப்போம்.

காலையில் போய் மதியத்துக்கு மேல் திரும்புகிற பிள்ளை, இடையில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பாட்டில் மூடி அவன் கைக்குத் திறக்க வராமல் இருக்கலாம். இன்றைக்கே அவன் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அந்தத் திருகு மூடி வராது, நாமோ கார்ட்டூன் படத்தைப் பார்த்து வாங்கிவிடுவோம். அடிக்கடி எழுந்து போகிறார்கள் என்று வகுப்பு நேரத்தில் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால், நான் அதிகம் பார்த்தது மூன்றாவது காரணத்தைத்தான். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துப் பாத்ரூம் பயம்.

குடித்தால் வரும், வந்தால் கேட்க வேண்டும், கேட்கத் தெரியாது, அதனால் குடிக்க வேண்டாம். நாலு வயதுப் பிள்ளை போட்டிருக்கிற கணக்கு இது. நம்பர் தெரியாது என்று டைரியில் எழுதி வந்திருக்கிறதே, அதே பிள்ளைதான் இந்தக் கணக்கைத் தப்பில்லாமல் போட்டிருக்கிறான். காலையில் வயிறு வலிப்பதும் அப்போது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க அடக்கி வைத்தால் நிஜமாகவே வலிக்கும். ஒன்றுக்குப் போகும்போது எரிகிறது என்றாலோ, காய்ச்சல் வந்தாலோ, இரண்டு மூன்று நாள் வெளிக்குப் போகாமல் இருந்தாலோ என் பதிலுக்குக் காத்திராமல் குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எதற்குப் பயம் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். ‘மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்’ என்று முழு வாக்கியமாகச் சொன்னால்தான் அனுப்புகிற வகுப்புகள் உண்டு. வீட்டில் ஒரு பிள்ளை மூச்சா என்கிறது, ஒன்று உச்சா என்கிறது, ஒன்று சூசூ என்கிறது. தெருவுக்கு ஒரு சொல். அந்தச் சொல் அங்கே செல்லாது என்று தெரிந்ததும் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது. உள்ளே லைட் இருக்காது, தாழ்ப்பாள் எட்டாது, வீட்டில் குந்தி உட்கார்ந்து போகிற பிள்ளைக்கு அங்கே உயரமான கோப்பை இருக்கும். இன்னொன்று, நம் கண்ணில் படாதது: யூனிஃபார்ம் டவுசரின் கொக்கியும் பெல்ட்டும். அவனால் தானே கழற்றி மாட்ட முடிகிறதா? முடியாவிட்டால் கொக்கியைப் பிய்த்துவிட்டு இடுப்புக்கு எலாஸ்டிக் வைத்துத் தைத்துவிடுங்கள். ஜவுளிக்கடையில் இருக்கிறவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

‘ஸ்கூல்ல பாத்ரூம் போனியா?’ என்று கேட்காதீர்கள். ‘ம்’ என்பான், அதோடு போச்சு. உங்களுக்கு லீவு வருகிற நாளில் அவனை மிஸ் ஆக்கி, நீங்கள் எல்கேஜி பிள்ளையாகத் தரையில் உட்காருங்கள். கொஞ்ச நேரம் கழித்து ‘மிஸ், எனக்கு மூச்சா வருது’ என்று சொல்லுங்கள். அவன் என்ன பதில் சொல்கிறான் என்று மட்டும் கவனியுங்கள். சிரிக்காதீர்கள், திருத்தாதீர்கள். ‘அப்புறம் போ’ என்கிறானா, ‘இங்கிலீஷ்ல கேளு’ என்கிறானா, ஆயாவைக் கூப்பிடுகிறானா என்பதிலேயே வகுப்பில் நடப்பது தெரிந்துவிடும்.

இந்த விளையாட்டைப் புத்தகம் படித்து நான் கற்கவில்லை. ஒரு பிள்ளையிடம் பட்டுத்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்து பால்வாடியில் இருந்தேன். ஒரு பெண் குழந்தை, மூன்றரை வயது இருக்கும். நாலு மாதமாக என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. பாட்டுக்கு வாய் அசைக்காது, பெயரைக் கேட்டால் தரையைப் பார்க்கும். பதிவேட்டில் ‘மந்தம்’ என்று எழுதிவிட்டேன். என் கையெழுத்தில், தெளிவாக. அதன் அம்மா அப்போது மாசமாக இருந்தார். சத்துமாவு கொடுப்பதற்காக ஒருநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஏழெட்டுக் கொட்டாங்குச்சிகளை வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது அந்தப் பெண். கையில் ஒரு விளக்குமாற்றுக் குச்சி. ‘ஏய், வாயில விரலை எடு! எத்தனை தடவ சொல்றது ஒனக்கு?’ என்று ஒரு கொட்டாங்குச்சியைத் தட்டிக்கொண்டிருந்தது. குரல் என் குரல். ‘ஒனக்கு’ என்பதில் நான் இழுக்கிற இழுவைகூட அப்படியே. அடுத்து, நான் நாலு மாதமாகச் சொல்லிக்கொடுத்த பாட்டு அத்தனையையும் ஒரு வரி விடாமல் பாடியது. அதன் அம்மா, ‘வீட்டுக்கு வந்தா ஓயாம இதே வேலைதான் டீச்சர், அங்கயும் இப்படித்தான் வாயடிக்குமா?’ என்று என்னைக் கேட்டார். நான் சத்துமாவுப் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன்.

மறுநாள் பதிவேட்டில் அந்தச் சொல்லை அடித்தேன். அடித்த தடம் கடைசி வரை அந்தப் பக்கத்தில் இருந்தது. பிள்ளை ஊமையாக இருப்பது வீட்டுக்குத் தெரியவில்லை, வாயடிப்பது எனக்குத் தெரியவில்லை. பால்வாடிக்கும் அந்த வீட்டுக்கும் நடுவே முந்நூறு அடி தூரம்கூட இருக்காது.

உங்கள் பையன் விஷயத்திலும் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது. ‘நம்பர் தெரியவில்லை’ என்று மிஸ் எழுதுகிறார். நீங்களோ வண்டி நம்பரெல்லாம் படிப்பான் என்கிறீர்கள். இரண்டு பேர் சொல்வதும் நிஜம். டிஎன் 57 என்ற பலகையைப் பார்த்து அவன் ‘அஞ்சு ஏழு, நம்மூரு’ என்பான், 59 வந்தால் ‘மதுரை வண்டி’ என்பான் என்று நினைக்கிறேன். வகுப்பில் அதே 5-ஐக் காட்டி ‘வாட் நம்பர் இஸ் திஸ்?’ என்றால் அவன் முழிக்கிறான். அவனுக்கு எண் தெரியும், அதன் இங்கிலீஷ் பெயர்தான் இன்னும் பழகவில்லை. இதை மிஸ்ஸுக்கு யார் போய்ச் சொல்வது? உங்களைத் தவிர ஆள் இல்லை. டைரி என்றால் அங்கிருந்து இங்கே குறை வருவதற்கு மட்டும் என்று ஆகிவிட்டது. இங்கிருந்து அங்கே சேதி போகவும் அதே டைரிதான் இருக்கிறது.

எனவே முதலில் ஒரு குறிப்பு எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், அந்த மிஸ்ஸும் தமிழ்ப் பெண்தான். இப்படி இருக்கலாம்:

‘மிஸ்ஸுக்கு வணக்கம். பையன் வீட்டில் வண்டி நம்பர்களைத் தமிழில் நன்றாகப் படிக்கிறான். தமிழில் கேட்டுவிட்டு அப்புறம் இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தால் பிடித்துக்கொள்வான் என்று தோன்றுகிறது. தண்ணீர் பாட்டில் தினமும் நிரம்பியே வருகிறது. பாத்ரூம் கேட்கக் கூச்சப்படுகிறானோ என்று சந்தேகம். வீட்டில் மூச்சா என்றுதான் சொல்வான். நேரில் 10 நிமிடம் பேச வேண்டும். எனக்குப் புதன்கிழமை லீவு. உங்களுக்கு எந்த நேரம் வசதி என்று எழுதி அனுப்புங்கள்.’

இதில் ‘ஏன்’ என்ற சொல் ஒரு இடத்திலும் வரவில்லை, கவனித்தீர்களா? ஏன் கவனிக்கவில்லை, ஏன் குடிக்க வைக்கவில்லை என்று தொடங்கினால் பதிலுக்கு அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். அந்த மிஸ்ஸைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க நின்றபடி வேலை, கொஞ்சம் உட்கார்ந்தால் மேலிடம் பார்க்கும், சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது. உங்களுக்குப் பழகிய பிழைப்புதான் அவருக்கும். முப்பது நாற்பது பிள்ளைகளில் சத்தம் போடாத பிள்ளை அவர் கண்ணில் படாது. அவன் தொந்தரவு தராமல் இருப்பதுதான் அவனுக்கு ஆபத்து. பத்து நிமிடத்தில் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: காலை இடைவேளையில் ஆயாவோடு சேர்த்து இவனை ஒருதரம் பாத்ரூமுக்கு அனுப்ப முடியுமா? கேட்காமலேயே அனுப்ப வேண்டும். இரண்டு வாரம் போதும், பழகிவிடுவான்.

கேட்டைத் தாண்டி விடுவதில்லை என்கிறீர்களே, அதில் எனக்கு ஒரு ஆற்றாமை உண்டு. பலகையில் மாண்டிசோரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற பள்ளிகள் நம்மூரில் எத்தனை! அந்தப் பெயருக்குச் சொந்தக்காரரான மரியா மாண்டிசோரி அம்மாள் ரோம் நகரத்தில் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் 1907 ஜனவரியில் முதல் பள்ளியைத் தொடங்கியபோது அங்கே எழுதி வைத்த விதிகளில் ஒன்று, வாரத்தில் ஒருமுறையாவது தாய்மார்கள் ஆசிரியையிடம் வந்து பிள்ளை வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்லலாம், ஆலோசனை கேட்டுப் போகலாம் என்பது. பள்ளிக்கூடம் அவர்கள் குடியிருந்த அதே கட்டிடத்துக்குள் இருந்ததால் எந்த நேரமும் எட்டிப் பார்க்கலாம். அவர் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நாம் அவர் பெயரையும் மர மணிகளையும் எடுத்துக்கொண்டோம், கதவைத் திறந்து வைத்ததை விட்டுவிட்டோம்.

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் 1962-ல் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 3, 4 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சோதனைப் பள்ளி தொடங்கினார்கள். தினமும் காலையில் இரண்டரை மணி நேரம் வகுப்பு. அதோடு வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியை ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் போய் ஒன்றரை மணி நேரம் தாயோடும் பிள்ளையோடும் இருப்பார். பிள்ளைகளின் 40 வயது வரை பின்தொடர்ந்து பார்த்ததில், அந்தப் பள்ளிக்குப் போகாதவர்களைவிட இவர்களில் அதிகம் பேர் பள்ளிப் படிப்பை முடித்திருந்தார்கள், வருமானம் கூடுதலாக இருந்தது, போலீஸில் மாட்டியவர்கள் குறைவு. பள்ளியில் படித்தவர்கள் மொத்தம் 58 பேர்தான். அதை வைத்து ஊர் உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனால் இந்த ஆய்வைச் சொல்லி நர்சரிக்கு ஆள் பிடிக்கிறவர்கள் வகுப்பறையைப் பற்றியே பேசுவார்கள், வாரம் தவறாத அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சொல்லவே மாட்டார்கள். உங்கள் மிஸ் வீட்டுக்கு வரப்போவதில்லை. ஆகவே வீட்டை நீங்கள்தான் டைரியில் ஏற்றி அனுப்ப வேண்டியிருக்கிறது.

இனி எழுத்து. நாலே கால் வயதுக் கைக்கு ஸ்லான்டிங் லைன் என்பது கொஞ்சம் அதிகப்படி. பிள்ளைகளின் கைக்கு ஒரு வரிசை உண்டு. ஏறக்குறைய 3 வயதில் வட்டத்தைப் பார்த்து வரையும், 4 வயதில் கூட்டல் குறி வரும், சதுரம் அதற்கப்புறம், முக்கோணம் 5 வயதையொட்டி. சாய்கோடு வராமல் முக்கோணம் வராது, அதனால்தான் அது கடைசி. உங்கள் பையனுக்கு நிற்கிற கோடும் படுத்த கோடும் வந்தால் அந்த வயதுக்கு அது சரி. சாய்கோடு வளைந்து போகிறது என்றால் சோம்பலோ திமிரோ இல்லை. ராத்திரி பத்து மணிக்கு உட்கார வைத்தால் நேராகிவிடவும் செய்யாது.

அந்தப் பத்து மணிதான் எனக்கு இன்னொரு கவலை. 3, 4 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10-லிருந்து 13 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து மணிக்கு எழுதி முடித்து, அழுது ஓய்ந்து, பத்தரைக்குத் தூங்கி, ஆறரைக்கு எழுகிற பிள்ளைக்கு 8 மணி நேரம் தேறும். வகுப்பில் வாய் திறக்காததில் பாதி தூக்கக் கலக்கமாகவும் இருக்கலாம். ஆகவே நீங்கள் வந்து கை கால் கழுவியதும் 10 நிமிடம், அதற்கு மேல் நோட்டு கிடையாது. முடித்தது மூன்று வரி என்றால் மூன்று வரி. கீழே ‘இவ்வளவுதான் எழுதினான், தூக்கம் வந்துவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஒன்றும் ஆகிவிடாது. அடித்தது பற்றி நீங்களே அழுதுவிட்டீர்கள், நான் வேறு சொல்ல வேண்டாம். ஒன்று மட்டும்: மறுநாள் காலையில் அவன் அந்த நோட்டோடுதான் பள்ளிக்குப் போகிறான். நோட்டைத் திறந்தால் அடி விழும் என்பது வீட்டில் படித்த பாடம், அங்கேயும் அது கூடவே போகும்.

விரலுக்குப் பயிற்சி வேண்டும்தான், ஆனால் பென்சிலில் வேண்டாம். உங்கள் மாமியார் வாசலில் கோலம் போடுகிறவர் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனைப் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள். கோலப்பொடியை எந்த மூன்று விரல் கிள்ளுகிறதோ அதே மூன்று விரல்தான் பென்சிலையும் பிடிக்கப் போகிறது. முதலில் புள்ளி மட்டும். பொடி கொட்டும், வாசல் வீணாகும், மாமியார் முணுமுணுப்பார், இருக்கட்டும். வீட்டில் ஸ்லேட்டு இருந்தால் முழு பலப்பத்தைக் கொடுக்காமல் ஒரு அங்குலத் துண்டாக உடைத்துக் கொடுங்கள். நீளக் குச்சியைப் பிள்ளை கை முழுக்கப் பொத்திப் பிடிக்கும். துண்டை அப்படிப் பிடிக்க முடியாது, விரல் தானாகவே சரியாக வந்துவிடும். துணி காயப்போடும்போது க்ளிப் மாட்டுகிற வேலையை அவனிடம் கொடுங்கள். பட்டாணி உரிப்பது, சப்பாத்தி மாவை உருட்டுவது எல்லாம் இதே கணக்கில்தான் சேரும். இவை சாயங்காலம் நீங்கள் இல்லாத நேரத்தில் மாமியாரோடு நடக்கக்கூடியவை என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். பள்ளி டைரியில் ‘பெற்றோர் கையொப்பம்’ என்று ஒரே கோடுதான் இருக்கும். பிள்ளையோடு அதிக நேரம் இருக்கிற பாட்டிக்கு அதில் இடமே கிடையாது.

‘வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கள்’ என்று சொன்னதை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் கேட்க வேண்டாம். இங்கிலீஷ் வராத வீட்டில் இங்கிலீஷ் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் தெரியுமா? பேச்சு சுருங்கும். கம், சிட், ஈட், ஸ்லீப். நாலு உத்தரவு, அவ்வளவுதான். ‘இன்னைக்கு மார்க்கெட்டுல மல்லி என்ன வெல போச்சு, ஏன் அவ்வளவு ஏறுச்சு, மழையாலயா?’ என்று அவனும் அப்பாவும் பேசுகிற பேச்சு செத்துப் போகும். காரணம் கேட்கவும் கதை கட்டவும் பிள்ளை பழகுவது அந்தப் பேச்சில்தான். பழகிய பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும். 2020 தேசியக் கல்விக் கொள்கையும்கூட, முடிந்த இடங்களில் குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை வீட்டு மொழியில் கற்பிக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. இங்கிலாந்தில் 1997-ல் தொடங்கி சுமார் 3,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு உண்டு. பாட்டுச் சொல்லிக்கொடுப்பது, கதை படித்துக் காட்டுவது, எழுத்தையும் எண்ணையும் வைத்து விளையாடுவது இதெல்லாம் நடக்கிற வீட்டுப் பிள்ளைகள் நன்றாக வந்தார்கள், பெற்றோர் என்ன படித்தவர்கள், என்ன வேலை என்பதைவிட வீட்டில் பிள்ளையோடு என்ன செய்கிறார்கள் என்பதே முக்கியம் என்றுதான் அதில் வந்தது. வண்டி நம்பர் படிப்பது இந்த வரிசையில் வராமல் வேறு எதில் வரும்?

டியூஷன் வேண்டாம். அதற்குக் கொடுக்கிற காசில் ஒரு பெரிய ஸ்லேட்டும் பழமும் வாங்குங்கள்.

வாட்ஸ்அப் குரூப்பை விடுங்கள், அது லீவு அறிவிப்புக்கும் பீஸ் ஞாபகத்துக்கும் மட்டும்தான் ஆகும். ஆனால் விடுகிற நேரத்தில் கேட் முன்னால் நிற்கிற தாய்மார்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ‘உங்க பிள்ள தண்ணி குடிக்குதா?’ என்று கேளுங்கள். இன்னும் மூன்று நிறைந்த பாட்டில்கள் வெளியே வரும் என்பது என் ஊகம். அப்படியானால் அடுத்த பேரன்ட்ஸ் மீட்டிங்கில் நாலு பேருமாகச் சேர்ந்து மார்க் பற்றிக் கேட்காமல், பிள்ளைகள் பாத்ரூமை ஒருதரம் பார்க்கலாமா என்று கேளுங்கள். சண்டை தொனி வேண்டாம். காட்டினால் நல்ல பள்ளி. மறுநாள் பினாயில் போட்டுக் கழுவிவிட்டுக் காட்டினாலும் பரவாயில்லை, கழுவியது லாபம்.

அதே சமயம் வீட்டில் பையன் காதுபட மிஸ்ஸைப் பற்றிக் குறை பேசாதீர்கள். ‘அந்த மிஸ்ஸுக்கு வேற வேலயில்ல’ என்று நீங்கள் சலித்துக்கொண்டதை அவன் கேட்டிருப்பான். அம்மாவுக்குப் பிடிக்காத ஆளிடம் அவன் எப்படி மூச்சா வருகிறது என்று கேட்பான்?

பள்ளியை மாற்றுவதா? இப்போது வேண்டாம். குறிப்பு எழுதி, நேரில் பேசி, ஒரு மாதம் பாருங்கள். இரண்டு தடவை கேட்டும் பாத்ரூம் விஷயத்துக்கு ஒரு பதிலும் வரவில்லை, சிவப்பு மை மட்டும் நிற்காமல் வருகிறது என்றால் அப்புறம் அங்கே வைத்திருக்க நான் சொல்ல மாட்டேன். அங்கே அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம். நேரே குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள். மாற்றுவதென்றால் அடுத்த கான்வென்டைத் தேடுவதற்கு முன்னால் பக்கத்து அங்கன்வாடியையும் ஒருதரம் போய்ப் பாருங்கள். தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கு மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. அவற்றில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்திலேயே இருக்கும் 2,381 இடங்களில் 2019-லிருந்து எல்கேஜி, யுகேஜி வகுப்புகளும் வந்தன. எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். நல்லதும் உண்டு, பூட்டிக் கிடப்பதும் உண்டு. ஆனால் அங்கே கேட்டில் வாட்ச்மேன் கிடையாது, முறத்தில் பயறு புடைத்துக்கொண்டே டீச்சரிடம் பேசலாம். நான் அந்த வேலையிலிருந்து வந்தவள், எனக்குக் கொஞ்சம் பாசம் கூடுதலாக இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

இதைப் படிக்கிற மற்ற தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் பையன் வீட்டில் பேசுகிறான், அதனால் நான் பயப்படவில்லை. வீட்டிலும் பேச்சு வராத, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை என்றால் டைரிக் குறிப்போடு நிற்காதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் காட்டினால் காது, பேச்சு எல்லாம் காசில்லாமல் சோதித்துச் சொல்வார்கள்.

சகோதரி, நாளைக் காலையில் செய்ய ஒரு சின்ன வேலை. பாட்டிலின் நடுவில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுங்கள். ‘சாயங்காலம் தண்ணி இந்த ரப்பருக்குக் கீழ வந்திருந்தா அப்பாகூட வண்டியில ஒரு ரவுண்டு’ என்று பையனிடம் சொல்லுங்கள். ஆனால் ரப்பரை மாட்டினாலும் இதை மிஸ்ஸிடம் பேசிய பிறகுதான் சொல்லுங்கள், அதற்கு முன்னால் சொன்னால் பாவம், அவன் குடித்துவிட்டு மாட்டிக்கொள்வான். பிறகு இரண்டு வாரம் கழித்து, தண்ணீர் ரப்பருக்கு மேலேயா கீழேயா என்று மட்டும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.